இரைச்சல்

ஆறு வருடம் தவளை கேட்டவள் நான்.
இதை இப்படிச் சொல்லக் கூடாது என்கிறான் அப்சல்.
"பலவகை ஒலித்தரவுகளைக் கையாண்ட அனுபவம்"
என்று சொல்ல வேண்டுமாம்.
தவளை பிறகு வரலாம்,
அவர்களாகக் கேட்டால்.
முனைவர் என்பதும் பெயருக்குப் பின்னால்தான்,
சின்ன எழுத்தில்.

அப்சல் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை.
இரண்டாம் வருடமே பட்டம் வேண்டாமென்று
பெங்களூருக்குப் பஸ் ஏறியவன்.
இன்று ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறான்.
ஞாயிறுதோறும் எனக்குப் பொய் நேர்காணல் நடத்துகிறான்,
மேலே இஸ்திரி போட்ட சட்டை,
எழுந்தால் லுங்கி.

மஞ்சூர் கடைத்தெருவில்
வர்க்கி அடுப்புக்கு மேலே என் அறை.
தரை மட்டும் சூடு; சுவரெல்லாம் ஜூன் மாதம்.
கொடியில் காயாத துணிக்குக் கீழே
ஆய்வேட்டின் நாலு பிரதிகள்.
ஒன்றில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
அடுத்த பக்கத்தோடு ஒட்டியே இருக்கிறது.
யாரும் பிரிக்கவில்லை,
நான் உட்பட.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

இருநூற்றுப் பதினான்கு பக்கத்தை
இரண்டு நிமிடமாக்க வேண்டும்.
முதலில் உதிர்ந்தது நன்றியுரை.
பிறகு அப்பர் பவானி சாலையில் ஜீப் நின்றுபோன இரவு.
பிறகு அட்டைகள்.
பிறகு, ஒரு பருவம் முழுக்க
எந்தப் பெண்ணும் வராத ஓடையில்
தனியாகக் கத்திக்கொண்டிருந்தானே, எம்-17,
அவனும்.
"கத்தினான்" என்று களக்குறிப்பில் எழுதியதற்கு
நெறியாளர் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார்:
அஃறிணை, தவச்செல்வி, அஃறிணை.

"உங்கள் பலவீனம்?"
உண்மையைச் சொல்லிவிடாதே. பொய்யும் வேண்டாம்.
தரகர் சொல்வாரே,
"பொண்ணு கொஞ்சம் வெகுளி" என்று,
அந்த மாதிரி ஒன்று.

"எதிர்பார்க்கும் சம்பளம்?"
உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிட்டது.
நான் ஒரு தொகை சொன்னேன்.
திரையில் அப்சல் அசையவில்லை.
நெட் போய்விட்டதென்று நினைத்தேன்.
"இரண்டால் பெருக்கு," என்றான் கடைசியில்.
"கூச்சமாக இருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு பெருக்கு."

கீழே பேக்கரிப் பையன் லோகு
பால் வாங்கப் போனபோது சொன்னான்:
"நாலாவது தடவை சொன்னதுதான்க்கா நல்லா இருந்துச்சு.
இங்கிலீஷ் புரியல.
ஆனா அதுல நடுவுல சிரிச்சீங்க."
நாலாவதில் என்ன சொன்னேன் என்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்தக் கம்பெனி செய்வது ஹெட்போன்.
ஹாரன், மிக்ஸி, பக்கத்து வீட்டுக் குழந்தை,
எல்லாவற்றையும் வடித்துவிட்டுப்
பேசுகிறவர் குரலை மட்டும் கடத்துவது.
நானும் அதைத்தானே செய்தேன், தலைகீழாக:
காற்றை எடு, மழையை எடு,
மனிதக் குரலை எல்லாவற்றுக்கும் முன்னால் எடு.
மிஞ்சுவது தவளை.

இன்று மூன்றாவது கேள்வியில்
தகரத்தின் மேல் மழை இறங்கியது,
லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"பொறு, மழை!" என்று கத்தினேன்.
"எந்த மழை?" என்றான் அப்சல்.

ஜன்னலைத் திறந்து மடிக்கணினியை வெளியே நீட்டினேன்.
தூம்புவாயில் ஒரு புதர்த்தவளை ஆரம்பித்திருந்தது.
"கேட்குதா?"
"நீ மூச்சு விடறது கேட்குது."

அமைப்புகளுக்குப் போய்
இரைச்சல் நீக்கத்தை அணைத்தேன்.

அவன் பக்கம் மழை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
காதுக் கருவியைக் கையால் அழுத்திக்கொண்டான்.
நான் வைத்த இரண்டு நிமிட அலாரம் அடித்து ஓய்ந்தது.
இருவரும் எதுவும் பேசவில்லை.

"கத்தறான்," என்றான்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
சட்டைக் காலரைச் சரிசெய்தான்.
சரி. சம்பளத்திலிருந்து மறுபடி.